உஷார்! வாரம் ஒரு நாள் மாத்திரை, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து

சொரியாசிஸ் மூட்டுவாதம் என்று தெரிந்ததும் பலருக்கும் டாக்டர் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. அதைத் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை முடங்கும், ரத்த அணுக்கள் சரியும், ஆளே போய்விடலாம். பூச்சாண்டி காட்டவில்லை, உலகின் பல நாடுகளில் இப்படி இறந்தவர்கள் உண்டு.

தவறு நடப்பது சர்வசாதாரணமாக. மெடிக்கல் ஷாப்பில் கவரின் மேல் பழக்கதோஷத்தில் 'காலை 1' என்று கிறுக்கிவிடுவார்கள். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள், மெத்தோட்ரெக்சேட்டிலும் மஞ்சள் உண்டு. கண் சரியாகத் தெரியாத பெரியவர் எதை எந்த நாளில் போட்டார் என்று யாருக்குத் தெரியும்? சில நாளில் வாயெல்லாம் புண். சூடு என்று மோர் குடித்து, பி காம்ப்ளெக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னும் நாலு நாள் ஓட்டுவார்கள். அந்த நாலு நாள்தான் எமன். மெத்தோட்ரெக்சேட் போடுகிறவருக்கு வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

'ஞாயிறு மட்டும்' என்று கிழமையைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். மது பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் அடி கல்லீரலுக்குத்தான். வேறு டாக்டரிடம் சிறுநீர்த் தொற்றுக்குப் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அந்தத் தொற்றுக்கு எழுதும் கோ-ட்ரைமாக்சசோல் இதோடு சேர்ந்தால் மஜ்ஜைக்கு அதே கதிதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று வலி மாத்திரையில் காலம் தள்ளுவது இன்னும் மோசம். ஆறு மாதத் தாமதத்துக்கே மூட்டு எலும்பு அரிக்கப்படலாம். வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும், எலும்பு அரிக்கப்படுவதை நிறுத்தாது. 'கேரண்டி' லேகியம் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதலில் சுகமாகத்தான் இருக்கும். சட்டென்று நிறுத்தும்போது சொரியாசிஸ் சீழ்க் கொப்புளங்களாக உடம்பெங்கும் கிளம்பலாம்.

மெத்தோட்ரெக்சேட்டுக்கு நோய் கட்டுப்படாவிட்டால் அடுத்த கட்டம், அடலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உலகின் டி.பி. நோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். நம்மில் பலரின் உடம்பில் அந்தக் கிருமி சத்தமில்லாமல் தூங்குகிறது. அதைக் கட்டிப்போட்டிருக்கும் காவலைத்தான் இந்த ஊசி தளர்த்துகிறது. நெஞ்சு எக்ஸ்ரே, டி.பி. பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள் முடியாமல் முதல் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள். மாமனாருக்கு எப்போதோ டி.பி. வந்து ஒரே வீட்டில் இருந்தீர்களா? கௌரவம் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

செக்குகினுமாப் என்ற ஊசியை எழுதினால், குடல் அழற்சி நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அந்த நோயை இந்த ஊசி கிளறிவிடக்கூடும். அப்ரெமிலாஸ்ட் சாதுவான மாத்திரைதான். ஆனால் பேதி வரலாம், எடை குறையலாம், சிலருக்கு மனச்சோர்வும் வரலாம். டோஃபாசிட்டினிப் வாயால் விழுங்குவது, ஊசித் தொல்லை இல்லை என்று உடனே தலையாட்டாதீர்கள். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், ரத்தக்கட்டு ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 50 வயதைத் தாண்டியவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள், இதய நோய்க்காரர்கள் இதை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைக்கும். கருவுக்கு ஆகாத இன்னொரு மாத்திரையான லெஃப்ளுனோமைட், நிறுத்திய பிறகும் உடம்பில் இரண்டு வருஷம்வரைகூடத் தங்கலாம். வேறு மருந்து கொடுத்துத்தான் சீக்கிரம் வெளியேற்ற முடியும். துணைக்கு மாமியார் வந்திருந்து பேசக் கூச்சமாக இருந்தால், ஐந்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லுங்கள்.