குளியல் தொட்டியும் அதனைச் சூழும் சுவரும்

கிணற்றடியில் நின்று குளிப்பவருக்குச் சுவரைப் பற்றிய கவலை இல்லை. துலாவால் அள்ளித் தலையில் ஊற்றிய நீர் வாய்க்கால் வழியே ஓடி வாழைக்கும் கமுகுக்கும் பாய்ந்துவிடும். தெறித்த துளிகளை வெயிலும் காற்றும் உலர்த்திவிடும். குளியல் வீட்டினுள்ளே வந்து, அதற்கென ஓர் அறை அமைந்து, அவ்வறையில் தொட்டியும் இடம்பெற்றபோதுதான் புதியதொரு வினா எழுந்தது. தொட்டிக்குள் விழும் நீர் குழாய் வழியே வெளியேறும். தொட்டியைச் சூழ்ந்த சுவர்களில் நாள்தோறும் தெறிக்கும் நீர் எங்கே போகும்?

வீடு கட்டுவோர் பலரும் இதற்குக் கூறும் விடை, “ஓடு பதித்தால் போதும்” என்பதே. ‘டைல்’ என வழங்கும் மெருகிட்ட ஓட்டின் முகம் நீரை உள்ளே விடாது என்பது உண்மை. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே நிரப்பப்படுவது பெரும்பாலும் சீமெந்துக் கலவையாகும். அது நுண்டுளைகளையுடையது, நீரை மெல்ல மெல்ல உறிஞ்சுவது. இவ்வாறு உட்சென்ற ஈரம் ஓட்டின் பின்னே தங்கிச் சாந்தைத் தளர்த்தும். மறுபக்கச் சுவரின் வர்ணத்தை உரிக்கும். கதவு நிலையை உக்கச் செய்யும். தொடர்மாடி வீடாயின், கீழ்வீட்டாரின் தலைக்கு மேலே கறையாக வெளிப்பட்டு அயலவரோடு மனத்தாங்கலையும் உண்டாக்கும். கொங்கிறீற்றினுள் இருக்கும் இரும்புக் கம்பியை எட்டினாலோ கேடு இன்னும் பெரிது. கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீற்றைப் பிளக்கும். சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டுமன்றிச் சேதத்துக்கும் பொருந்துவதே.

ஆகவே, ஓடு சுவருக்கு ஆடையே. காவல் அதன் பின்னே இருத்தல் வேண்டும். இவ்வுண்மையைப் பழங்காலத்தவரும் அறிந்திருந்தனர். சிந்து வெளியின் மொகெஞ்சதாரோ நகரில் 1920களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெருங்குளம் 4,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் கொண்ட அக்குளத்தைக் கட்டியோர், செங்கற்களை நெருக்கமாக அடுக்கியதோடு நின்றுவிடவில்லை. அச்செங்கற்சுவரின் பின்புறத்தே நிலக்கீற் படையொன்றையும் இட்டனர். கண்ணுக்குத் தெரிந்தது செங்கல்; நீரைத் தடுத்ததோ கண்ணுக்குத் தெரியாத நிலக்கீல். இன்று அதே தொழிலைச் செய்வது, தூரிகையாற் பூசப்படும் நீர்தடுப்புப் பூச்சு.

இனி, சுவரின் ஆடையைத் தெரிவு செய்யும் முறையைக் காண்போர் மூவகைப் பொருள்களை எதிர்கொள்வர். முதலாவது, மெருகிட்ட ஓடு. இது கடினமானது, நிறங்கள் பல, ஒன்று உடைந்தால் அதனை மட்டும் மாற்றலாம். அதன் பொருட்டுச் சில ஓடுகளை மிச்சமாக வாங்கி வைத்தல் நன்று. இணைப்புகள் மிகுதியாயிருப்பதே இதன் குறை. பெரிய ஓடுகளைத் தேர்ந்தால் அக்குறை சிறுக்கும். இரண்டாவது, அக்கிரிலிக் அல்லது கண்ணாடி இழையால் ஆன தகடு. மூன்று தகடுகள் மூன்று சுவர்களையும் மூடிவிடுவதால் இணைப்புகள் சிலவே. வேலையும் விரைவில் முடியும். ஆயினும் கரடுமுரடான தூள்கொண்டு தேய்த்தால் இதன் முகம் கீறுபடும். பொருந்தாத பசையால் ஒட்டினால் தகடே பழுதாகும்.

மூன்றாவது, சலவைக்கல். அழகில் இதற்கு இணையில்லை. ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணக்கற் பூமியில் இதனைப் பதிப்போர் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அந்நிலத்து நீர் உலர்ந்த இடத்தில் வெண்கறை படியும். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ இட்டு அதனை அகற்றுதல் வழக்கம். மெருகிட்ட ஓட்டின் முகத்துக்கு அதனாற் கேடில்லை. இடையிலுள்ள சீமெந்தில் அது தங்காவண்ணம் உடனே கழுவிவிட்டாற் போதும். சலவைக்கல்லோ அக்கறையின் இனத்தைச் சேர்ந்த பொருள். கறையைக் கரைக்கும் புளிப்பு கல்லின் மினுக்கத்தையும் கரைத்துவிடும்.

எதனைத் தெரிந்தாலும் வேலை சுவரிலிருந்தே தொடங்கும். விரல் மொழியாற் சுவரைத் தட்டிப் பார்க்க, வெற்றொலி எழும் இடத்திற் பூச்சு கழன்றிருக்கும். அதனைக் கொத்தி மீளப் பூசுதல் வேண்டும். சுவர் நன்கு உலர்ந்தபின் நீர்தடுப்புப் பூச்சை இருமுறை, முதற்பூச்சு நெடுக்கிலும் அடுத்தது குறுக்கிலுமாக இடவேண்டும். மூலைகளிலும் குழாய் வெளிவரும் இடங்களிலும் கூடிய கவனம் வேண்டும். முதியோர் பிடித்தெழும்பக் கைபிடி பொருத்த எண்ணுவோர், அதன் இடத்தை இப்போதே குறித்துக்கொள்ளல் நன்று. கைபிடி செங்கற்சுவரிலேயே ஊன்றி நிற்றல் வேண்டும். வெறுந்தகட்டில் மாட்டிய பிடி ஆளின் பாரத்தைத் தாங்காது.

அடுத்து, தொட்டியின் விளிம்பு. கிடுகு வேய்வோர் கீழிருந்து மேலாக வேய்வர். மேற்கிடுகு கீழ்க்கிடுகின் மீது படிவதாலேயே மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. இங்கும் விதி அதுவே. தொட்டியை முதலில் நிறுத்தி, அதன் விளிம்பின் மேலே ஓடோ தகடோ வந்து இறங்குமாறு அமைத்தல் வேண்டும். ஆனால் விளிம்பு சரிமட்டமாக இருக்குமென்று நம்பி அதிலிருந்தே முதல் வரிசையைத் தொடங்குதல் தவறு. மட்டம் பார்த்து மரச்சட்டமொன்றைச் சுவரில் அறைந்து, அதன்மேல் இரண்டாம் வரிசையைத் தொடங்கி, அடிவரிசையைப் பின்னர் அளவாக வெட்டி வைப்பதே தேர்ந்த மேசன்மாரின் வழக்கம். தகடாயின், குழாய்த் துளைகளை முதலிற் காகிதத்தில் வெட்டிச் சுவரில் ஒப்புநோக்கிய பின்னரே தகட்டிற் குறித்தல் வேண்டும். பிழைத்த காகிதத்தை எறிந்துவிடலாம். பிழைத்த தகட்டை மீளவும் விலைகொடுத்தே வாங்கவேண்டும்.

இறுதி வேலையே பலரும் பிழைவிடும் இடம். விளிம்புக்கும் ஓட்டுக்கும் இடையே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெளி விடப்படும். அதனைச் சீமெந்துக் கலவையால் அடைத்தல் ஆகாது. நெகிழுந் தன்மையுள்ள சிலிக்கோன் பசையாலேயே அடைத்தல் வேண்டும். அதற்கு முன் தொட்டியை நீரால் நிரப்புதல் வேண்டும். ஓர் இலீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். 150 இலீற்றர் நீர் நிறைந்தால், குளிப்பவரின் பாரம் சேராமலே தொட்டி 150 கிலோகிராம் சுமையைத் தாங்கி மயிரிழையளவேனும் தாழும், வெளியும் விரியும். வெறுந்தொட்டியில் இட்ட பசை, முதல்முறை தொட்டி நிறையும்போதே இழுபட்டுக் கிழியக்கூடும். நிறைந்த தொட்டியில் இட்டு, ஒரு நாள் முழுதும் அப்படியே விட்டு, பசை இறுகியபின் நீரை வெளியேற்றினால் அக்குறை நேராது.

வேலை முடிந்தபின் இல்லத்தார் செய்யவேண்டியவை சிலவே. குளித்தபின் சாளரத்தைத் திறந்து காற்றோட்டம் அளித்தல் வேண்டும். சிலிக்கோன் பசை கறுத்தோ விலகியோ காணப்படின் காலந்தாழ்த்தாது அதனை அகற்றிப் புதுப்பித்தல் வேண்டும். ஓட்டின் நிறத்தைத் தெரிவதற்குக் கடைகடையாக ஏறி இறங்குவோர், அதன் பின்னே மறையும் பூச்சின் மீதும் ஒருநாட் கவனம் செலுத்துவாராயின், பதித்த ஓட்டை உடைத்து மீளப் பதிக்கும் பெருஞ்செலவு அவர்களை அணுகாது. கீழ்வீட்டாரின் முகமும் கோணாது.