அத்திரம்பாக்கம் அசைத்த சட்டகம்

'பாரடைம்' என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்துவிட்டு மறுவாரமே மறந்துவிடும் மாணவர்கள் ஏராளம். ஒரு துறையினர் கேள்வி கேட்காமல் ஏற்று, அதற்குள் நின்றே ஆய்வு செய்யும் சிந்தனைச் சட்டகம் அது. அமெரிக்க அறிஞர் தாமஸ் கூன் 1962-இல் எழுதிய நூல் இச்சொல்லைப் பரவலாக்கியது.

அகராதி தோற்கும் இடத்தில் அத்திரம்பாக்கம் கைகொடுக்கும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள இந்த ஊரில், 1863-இல் நிலவியலாளர்கள் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் சுமார் 1.25 லட்சம் ஆண்டுகளுக்குமுன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதர்களோடுதான் இந்தியாவுக்கு வந்தது என்ற கருத்தே நெடுநாள் செல்வாக்குள்ள சட்டகமாக இருந்தது. தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் இங்கே அகழ்ந்தார்கள். மண்துகள்கள் கடைசியாக எப்போது வெயில் கண்டன என்பதை ஆய்வகத்தில் கணக்கிட்டார்கள். 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த விடை, சுமார் 3.85 லட்சம் ஆண்டுகள்! பெரிய கைக்கோடரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறு சில்லுகள் பெருகும் மாற்றம் அப்போதே தொடங்கிவிட்டது.

இந்தச் சில்லுகளைச் செய்தவர்கள் யார்? மனித எலும்பு எதுவும் அங்கே கிடைக்காததால் விவாதம் ஓயவில்லை. சட்டகத்தில் விரிசல் விழுந்தது உண்மை. உடைந்தேவிட்டது என்பது அவசரப் பேச்சு. இப்பகுதிக் கற்கருவிகளைப் பூண்டி அரசு அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம்.