தோட்டாவின் நீளம்

1906ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைக்கென வடிவமைக்கப்பட்ட .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டா, அந்நாட்டு வேட்டைக்காரர் கையில் இன்றும் வழங்குகிறது. அதன் முழுநீளம் 84.84 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது அங்குள்ள தோட்டாத் தொழிலகங்களின் பொதுவரம்பு. கடையில் வாங்குவோர்க்கு அவ்வளவே போதும். பித்தளைக் கூட்டில் தாமே மருந்திட்டுக் குண்டு பொருத்துவோர்க்கோ, தம் துப்பாக்கிக்கு ஏற்ற நீளம் எது என்ற வினா எஞ்சி நிற்கிறது.

முழுநீளம் என்பது கூட்டின் அடி முதல் குண்டின் நுனி வரை. ஆனால் குழலின் புரிவரிகளை முதலில் தொடுவது நுனியன்று. மூக்கு வளைந்தேறிப் பருக்கும் தோள். ஈயநுனியோ நசுங்கியும் மழுங்கியும் இருக்கும். ஒரே பெட்டியில் எடுத்த இரண்டு குண்டுகளே நீளத்தில் வேறுபடும். ஆகவே தேர்ந்தவர் தோளிலிருந்தே அளப்பர்.

தொடுநிலையை அறிய, மருந்து எதுவுமற்ற வெற்றுத் தோட்டா ஒன்று வேண்டும். குண்டைச் சற்று வெளியே நீட்டிப் பொருத்தி, மெழுகுதிரிப் புகையில் கருமையேற்றி, வெடியறையில் மெல்லச் செலுத்தி எடுத்தால், புரிவரி பட்ட இடங்களில் சிறு கீறல்கள் செம்பாக மின்னும். குண்டைச் சிறிது சிறிதாக உள்ளழுத்திக்கொண்டே வர, கீறல் மறையும் நிலையே எல்லை.

இலக்குப் போட்டியாளர் சிலர் குண்டை அவ்வெல்லையிலேயே நிறுத்துவர். வேட்டைக்கு அது ஆகாது. வரியைத் தொட்டு நிற்கும் குண்டு, ஓடிவரும் விசையின்றி நின்ற இடத்திலிருந்தே வரிகளுக்குள் புகவேண்டியிருப்பதால் அழுத்தம் விரைந்து உயரும். சுடாத தோட்டாவை வெளியே இழுக்கையில் குண்டு குழலில் சிக்கி, மருந்துப்பொடி முழுதும் பூட்டுக்குள் கொட்டுவதும் உண்டு. எல்க் மானைத் தேடி மலையேறியவருக்கு அன்றைய வேட்டை அத்தோடு முடிந்தது.

வரியிலிருந்து குண்டு விலகி நிற்பது துல்லியத்துக்குப் பகையன்று. துப்பாக்கி வடிவமைப்பாளர் ராய் வெதர்பி தம் மாக்னம் துப்பாக்கிகளில் புரி தொடங்குமிடத்தை வேண்டுமென்றே முன்தள்ளி அமைத்தார். முழுச்செப்புக் குண்டுகள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தும் நன்கு செல்வன. ஆனால் செம்பு ஈயத்தினும் அடர்த்தி குறைந்தது. ஒத்த எடைக்குக் குண்டு நீளும். கூட்டினுள் மருந்துக்குரிய இடத்தைக் கவரும். அளவுமீறி அழுத்தினால் இடங்குறுகி அழுத்தம் ஏறும். ஆதலால் குண்டையோ நீளத்தையோ மாற்றியவர், மருந்தைக் கையேடு கூறும் தொடக்க அளவிலிருந்தே மீண்டும் கூட்டிவரல் வேண்டும்.

இறுதிச் சொல் பெரும்பாலும் துப்பாக்கியின் தோட்டாப் பேழையுடையது. அதில் அடங்கித் தடையின்றி ஏறாத தோட்டா எத்துணைத் துல்லியமாயினும் காட்டில் பயனற்றது. மேலும், சுடச்சுட வெப்பம் புரிவரியின் முகப்பை அரித்து, தொடுநிலையை முன்னே நகர்த்திக்கொண்டே செல்லும். போட்டியாளர் அதைத் துரத்திக் குண்டை நீட்டிக்கொண்டே போகலாம். பேழை நீளாத வேட்டைக்காரர் தம் அளவிலேயே நிற்பார்.