அம்பாப் பாட்டு (இராமநாதபுரம் கடற்கரை)

அம்பாப் பாட்டு என்பது கடல் தொழிலில் பலர் சேர்ந்து ஒரே நொடியில் வலுவைச் செலுத்த வேண்டிய வேலைகளின்போது பாடப்படும் தொழிற்பாட்டு ஆகும். படகைக் கடலில் தள்ளுவது, தண்டு வலிப்பது, பாய் ஏற்றுவது, வலை இழுப்பது, திரும்பி வந்த படகைக் கரையேற்றுவது ஆகிய வேலைகளோடு இப்பாட்டு பிறந்தது. தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் இலங்கையின் வடக்கு, கிழக்குக் கரைகளிலும் தமிழ் பேசும் மீனவர்களிடையே இது வழங்கி வந்துள்ளது. அங்கெல்லாம் இதைச் சுருக்கமாக 'அம்பா' என்றே சொல்வார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ', 'ஐலசா' போன்ற ஒலிகளால் ஏற்றுப் பாடுவார்கள்.

பெயர்

'அம்பி' என்பது படகைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சங்க இலக்கியத்திலேயே உள்ளது. அம்பா என்ற பெயர் அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அம்மனை அழைக்கும் சொல் என்று கொள்வோரும் உண்டு. 'ஏலேலோ' என்பதற்கோ ஒரு கதையே இருக்கிறது. திருவள்ளுவரின் நண்பராகச் சொல்லப்படும் ஏலேலசிங்கன் என்ற கடல் வணிகரின் பெயரைத்தான் மாலுமிகள் பாடினார்கள் என்பது அக்கதை. கேட்க இனிமையான கதைதான். ஆனால் பாரம் இழுக்கும் மனிதர்கள் உலகில் எங்கே இருந்தாலும் இப்படிப்பட்ட பொருளற்ற நீண்ட ஒலிகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள். மூச்சை வெளியேற்றவும் அடுத்த இழுப்புக்குத் தயாராகவும் உயிரொலிகள் நீண்ட ஒரு சொல் தேவைப்படுகிறது. 'ஏலேலோ' அதற்கு மிகப் பொருத்தமான சொல்.

இரண்டு கடல்கள்

இராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காற்றின் காலத்தில் இது தலைகீழாக மாறும். பாய்மரக் காலத்தில் காற்றை அறிந்தவரே தொழிலை அறிந்தவர். காற்று இருந்தால் பாய். காற்று விழுந்துவிட்டால் தண்டு. தண்டு வலிக்கத் தொடங்கினால் அம்பாவும் தொடங்கிவிடும்.

கட்டுமரம், வள்ளம், வத்தை என்று கலத்துக்குக் கலம் ஆள் எண்ணிக்கை மாறுபட்டது. அதற்கேற்பப் பாட்டும் மாறியது. படகு தள்ளும்போது பாட்டு குறுகிய கூவல்களாக இருக்கும். நெடுந்தொலைவு தண்டு வலிக்கும்போது நிதானமாக, கதை சொல்வதுபோல் நீளும். இந்தக் கலை முழுமையாக வெளிப்பட்ட இடம் என்று கரைவலையைத்தான் சொல்ல வேண்டும்.

கரைவலையும் பாட்டும்

கரைவலையில் ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டு, வலையைப் படகில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். அரை வட்டமாக வலையைப் போட்டபடி வந்து, மறு கயிற்றின் நுனியைச் சற்றுத் தொலைவில் உள்ள வேறோர் இடத்தில் கரை சேர்ப்பார்கள். பிறகு இரண்டு குழுக்கள், ஆளுக்கொரு கயிறாக, வலையைக் கரை நோக்கி இழுக்கும். வலையின் நடுவில் பை போன்ற 'மடி' இருக்கும். மீன் அதில்தான் சேரும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இங்கே இருக்கிறது. இரண்டு குழுக்களும் ஒரே வேகத்தில் இழுத்தாக வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பிவிடும். தொடக்கத்தில் இரு குழுக்களும் வெகு தூரம் தள்ளி நிற்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் குரல் எட்டும். பாட்டின் தாளம் இரு பக்கத்துக்கும் பொதுவான அளவுகோலாகிறது. முன்பாட்டுக்காரர் அடியைப் பாடும்போது கைகள் கயிற்றில் முன்னேறிப் பிடித்துக்கொள்கின்றன. எல்லோரும் ஏற்றுப் பாடும்போது உடல்கள் பின்னால் சாய்கின்றன. வலை கரையை நெருங்க நெருங்க இரண்டு குழுக்களும் பக்கத்தில் வரும். பாட்டு வேகம் பிடிக்கும். மடி கண்ணில் படும் நேரத்தில் சொற்கள் உதிர்ந்து வெறும் கூவல் மட்டும் மிஞ்சும்.

ஆகவே முன்பாட்டுக்காரருக்கு நல்ல குரல் இருந்தால் மட்டும் போதாது. கயிற்றில் கை வைத்தே வலையின் பாரத்தை அறிய வேண்டும். ஆட்கள் களைத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் வாயில் இருந்தது. அரைமணி நேரத்துக்கும் மேல் ஓயாமல் பாட வேண்டியிருப்பதால், மனப்பாடமாக வைத்திருந்த அடிகள் தீர்ந்துபோகும். அப்போது அந்தந்த நேரத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் கட்டிப் பாடுவார்.

பாட்டின் பொருள்

தொடக்கம் பெரும்பாலும் வேண்டுதலாக இருக்கும். இந்தக் கரையில் இந்துக்கள், கிறித்தவர்கள், இசுலாமியர்கள் ஆகிய மூவரும் கடல் தொழிலில் இருப்பதால் முருகனும் மாதாவும் அந்தோணியாரும் நாகூர் ஆண்டவரும் அம்பாவில் இடம்பெறுவது வழக்கம். வேண்டுதல் முடிந்ததும் மீன்களின் பெயர்ப் பட்டியல், காற்றின் போக்கு, வீட்டில் காத்திருப்பவள், கடன், பசி என்று பாட்டு நகரும். இழுக்காமல் சும்மா கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பெயர் சொல்லாமல் கேலி செய்வதும் உண்டு. சம்மாட்டியின் கஞ்சத்தனத்தை நேரில் சொல்ல முடியாதவர்கள் பாட்டில் சொன்னார்கள். பாட்டில் வந்ததற்காக யாரும் சண்டைக்கு வர முடியாது என்பது எழுதப்படாத விதி. சில அடிகள் பெண்கள், குழந்தைகள் முன்னால் பாடத்தகாதவை. தொகுப்பாளர்கள் இவற்றை நீக்கியே அச்சிட்டிருக்கிறார்கள்.

அச்சில் இழப்பு இதோடு நிற்பதில்லை. நாட்டுப்பாடல் நூல்களில் அம்பாவைப் படிக்கும் மாணவருக்கு அது சுவையற்றதாகத் தோன்றக்கூடும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பொருள் தொடர்ச்சி இல்லை. இழுப்பு எங்கே விழுகிறது, யார் எப்போது ஏற்றுப் பாடுகிறார் என்ற குறிப்பு இல்லாமல் அச்சிடும்போது பாதிப் பாட்டு காணாமல் போகிறது. நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் பாட்டை மக்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது இதனால்தான்.

இயந்திரம் வந்தபின்

1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் செயல்பட்டது. (அதன் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறியது.) அடுத்த இருபது ஆண்டுகளில் விசைப்படகுகள் பெருகின. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தது, எடை குறைந்தது. பின்னர் நாட்டுப்படகுகளிலும் வெளிப்பொருத்து இயந்திரங்கள் ஏறின. தண்டு வலிக்க ஆள் வேண்டாம், பாய் வேண்டாம். டீசல் இயந்திரத்தின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும். பாடுவதற்குத் தேவையும் இல்லை, பாடினால் கேட்கவும் கேட்காது.

இதில் வருந்துவதற்கு மட்டும் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தண்டு வலித்துக் காய்த்துப்போன கைகளுக்கு இயந்திரம் பெரிய விடுதலை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பார்த்த தலைமுறை, விரைவாகக் கரை திரும்ப உதவும் எதையும் வேண்டாம் என்று சொல்லியிருக்காது. பாட்டுக்காகப் பழைய பாடு தொடர வேண்டும் என்று வெளியிலிருந்து விரும்புவது நியாயம் ஆகாது. அதே 1964-இல்தான் 'படகோட்டி' திரைப்படமும் வந்தது. விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில் வாலி எழுதிய அதன் பாடல்கள் மீனவர் வாழ்க்கையைத் தமிழகம் முழுவதும் கொண்டுபோயின. கரையில் அம்பா குறையத் தொடங்கிய காலத்தில், திரையில் மீனவர் பாட்டு உச்சத்தில் இருந்தது.

பிற நாட்டு ஒப்பீடு

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தி வயல்களிலும் சிறை முகாம்களிலும் கறுப்பின உழைப்பாளிகள் பாடிய பாட்டுகளுக்கும் அம்பாவுக்கும் அமைப்பில் மிகுந்த ஒற்றுமை உண்டு. அங்கும் ஒருவர் அழைப்பார், பலர் மறுமொழி தருவார்கள். அந்தப் பாட்டுகளும் வயல்வெளிக் கூவல்களும் புளூஸ் இசைக்கு வேர்களாயின. ஆலன் லோமாக்ஸ் என்ற சேகரிப்பாளர் 1941-இல் மிசிசிப்பியின் ஒரு தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த மடி வாட்டர்ஸ் என்ற இளைஞரின் பாட்டைப் பதிவு செய்தார். அவர் பிறகு சிகாகோ சென்று மின்கிட்டாருடன் உலகப் புகழ் பெற்றார். கூட்டு உழைப்பில் வேர்கொண்ட இசை தனி மனிதரின் குரலாக மாறி, ஒரு கருவியையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. அதனால் வயலை விட்டு வெளியே வந்தும் வாழ்ந்தது.

அம்பாவுக்கு இன்னும் நெருங்கிய உறவு வட கரோலினாவின் பியூபோர்ட் துறைமுகத்தில் இருந்தது. அங்கே மென்ஹேடன் என்ற மீனைப் பிடிக்கும் கறுப்பின மீனவர்கள் சுருக்குவலையைக் கையால் தூக்கும்போது பாடினார்கள். 1950-களில் வலை தூக்கும் இயந்திரம் வந்ததும் பாட்டு நின்றது. முப்பது ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்ற அதே மீனவர்கள் ஒன்றுகூடி மேடையில் பாடத் தொடங்கினார்கள். அவர்கள் குரல்கள் பதிவாயின. பாடியவர்கள் உயிரோடு இருந்ததால்தான் அது முடிந்தது.

இன்றைய நிலை

இராமநாதபுரத்தின் உள்நாட்டுப் பாட்டுக்கு இத்தகைய வாய்ப்பு ஓரளவு கிடைத்தது. 1985 வரை இந்த மாவட்டத்தில் இருந்து, இப்போது சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கொல்லங்குடியைச் சேர்ந்த கருப்பாயி வயற்காட்டுப் பாட்டுகளோடு வானொலிக்கு வந்தார். 1985-இல் 'ஆண்பாவம்' திரைப்படத்தில் நடித்துப் பாடினார், கலைமாமணி விருது பெற்றார், 2025-இல் மறைந்தார். நாற்று நடும் பாட்டைத் தனியே நின்று ஒருவர் பாட முடியும். அம்பாவைத் தனியே பாடினால் அது பாதிப் பாட்டு. ஏற்றுப் பாட ஆள் வேண்டும். இழுக்க ஒரு பாரமும் வேண்டும். கடற்கரையிலிருந்து ஒரு கருப்பாயி வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பள்ளி ஆண்டு விழாக்களில் மீனவர் நடனம் தவறாமல் உண்டு. அட்டைத் துடுப்பு, தலையில் முண்டாசு, ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு. ஆடுகிற பிள்ளைகளில் பலர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். உண்மையான அடிகளை அறிந்த தாத்தா, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவரை மேடையேற்றி, ஒரு கயிற்றையும் கொடுத்து, பிள்ளைகளை ஏற்றுப் பாடச் சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை.

பாம்பனில் 2016-இல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி மீனவர்களுக்கென்றே நடப்பது. காற்று, அலை பற்றிய எச்சரிக்கைகளோடு கடலோர மக்களின் அனுபவங்களும் பாட்டுகளும் அதில் ஒலிக்கின்றன. முன்பு குரலை மூழ்கடித்த படகிலேயே இப்போது கைப்பேசி வழியாகக் குரல் கேட்கிறது.

அம்பாவைச் சேகரிக்க விரும்பும் மாணவர்கள் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு வரக் கூடாது. எந்த ஊர், எந்தக் கலம், எந்த வேலை, எத்தனை பேர், இழுப்பு எந்த எழுத்தில் விழுகிறது என்பவற்றையும் குறிக்க வேண்டும். கைப்பேசியில் காட்சியாகவே பதிவு செய்வது இன்னும் நல்லது. பாடுபவரின் ஒப்புதலைப் பெறுவதும், பதிவின் ஒரு படியை அவர் வீட்டுக்குக் கொடுப்பதும் முறை. வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால் பலருக்கு அடிகள் நினைவுக்கு வருவதில்லை. கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து மறுமுனையை இழுத்துப் பிடித்தால் வருகின்றன.

கரைவலை முற்றிலும் மறையவில்லை. தனுஷ்கோடிப் பக்கத்தில் இன்றும் ஆண்களும் பெண்களும் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னோக்கி நடந்து வலை இழுப்பதைக் காணலாம். இராமேசுவரத்துக்கு வரும் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முழு நீள அம்பா அரிது. மடி கரையை நெருங்கி, பாரம் கூடும் கடைசிச் சில நிமிடங்களில்தான் வரிசையில் இருக்கும் மூத்தவர் ஒருவர் அடியெடுப்பார்; மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.