காபி செடிகள் எல்லாம் ஒரே குடும்பமா? அரபிகாவைக் காப்பாற்றிய திமோர் தீவு மரம்!

காபிக்கு வாசம் கொடுக்கும் அரபிகாவுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. உலகம் முழுக்கத் தோட்டங்களில் வளரும் அரபிகா செடிகள், மரபணு அளவில் கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஒன்றைத் தாக்கும் நோய் மொத்தத் தோட்டத்தையும் சாய்த்துவிடும்.

ஏன் இப்படி?

அரபிகாவின் தாய்வீடு எத்தியோப்பியா. அதன் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும் என்பதால், புது மரபணு உள்ளே வருவது குறைவு. போதாததற்கு, ஏமன் வழியாக உலகத்துக்குப் போனவை கொஞ்சம் விதைகள்தான். பாபா புதன் 7 விதைகளை ஒளித்து சிக்மகளூருக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். எண்ணிக்கை கதையாகவே இருக்கட்டும், நடந்தது ஏறக்குறைய அதுதான்.

இதற்கான விலையைக் கொடுத்தது இலங்கை. 1869-ல் அங்கே இலைத்துரு நோய் தெரியவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் காபித் தோட்டங்கள் காலி. காபிக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட மக்களின் குடும்பங்கள், பிறகு தேயிலைக் கொழுந்து பறித்தன.

தீவில் கிடைத்த மருந்து

1920-களில் திமோர் தீவில் ஒரு மரம் தென்பட்டது. அரபிகாவும் ரோபஸ்டாவும் தானாகவே கலந்து பிறந்தது. துரு நோய் அதை அண்டவில்லை!

இதில் என்ன அதிசயம்னு கேட்கலாம். அரபிகாவுக்கு 44 குரோமோசோம், ரோபஸ்டாவுக்கு 22. கணக்கு பொருந்தாததால், இரண்டும் கலந்து பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிவிடும். திமோர் மரத்துக்கோ 44 இருந்தது. அதனால் அரபிகாவோடு சுலபமாகச் சேர்க்க முடிந்தது. கட்டிமோர் ரகங்களும், நம்ம ஊர் சந்திரகிரியும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் துருப் பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. கட்டிமோர் வழிவந்த லெம்பிரா ரகம், ஹோண்டுராஸில் எதிர்ப்புச் சக்தியை இழந்துவிட்டது. அடுத்த ரகம் உருவாக்க 20 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்கான மரபணுவைக் காட்டில்தான் தேட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். 2019-ல் வெளியான ஆய்வின்படி, 124 காபி இனங்களில் 60 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளன. சரி, விதையை எடுத்து வைக்கலாமே? நெல் மாதிரி உலர்த்தி, உறையவைத்து வைத்தால் காபி விதை முளைப்புத் திறனை இழந்துவிடும். எனவே எத்தியோப்பியாவிலும் கோஸ்டாரிகாவிலும் அவற்றை மரங்களாகவே நட்டு, உயிரோடு வளர்த்து வருகிறார்கள்.