தோட்டத்துக் கணினி (12): பைத்தான் இல்லாத மேசைக்கு

சென்ற வாரம் குலைக் கணக்குப் போடும் நிரலை எழுதி முடித்தோம். வேலையாளின் எண், வெட்டிய குலை, பொறுக்கிய உதிரிப் பழத்தின் எடை, தேதி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, மாதக் கடைசியில் ஆளுக்கு ஒரு தாள் அச்சிட்டுத் தருகிற சின்ன பைத்தான் நிரல் அது. நம் கணினியில் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அது ஓட வேண்டிய இடம் வேறு. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் பக்கம், செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருக்கும் தோட்ட ஆபீஸ் அது. அங்கே மேசைமேல் ஒரு பழைய விண்டோஸ் கணினி உண்டு, பைத்தான் கிடையாது.

அங்கே கணக்கெழுதும் கிராணியைப் பைத்தான் நிறுவச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். சொல்லிப் பாருங்கள். இணையத்திலிருந்து இறக்க வேண்டும், நிறுவும்போது சரியான கட்டத்தில் டிக் போட வேண்டும், பிறகு கறுப்புத் திரையைத் திறந்து நூலகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பெரிய கம்பெனித் தோட்டமாக இருந்தால் எதையும் நிறுவத் தலைமையகத்தின் கடவுச்சொல் வேண்டும். விடிவதற்கு முன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பகலெல்லாம் லோரி கணக்குப் பார்த்து, சாயங்காலம் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டை எழுதுகிற மனிதரிடம் இதையெல்லாம் கேட்பது நியாயமே இல்லை. இருமுறை சொடுக்கினால் திறக்கிற ஒன்றை அவர் கையில் கொடுப்பது நம் பொறுப்பு. என்னைக் கேட்டால், நிரல் எழுதுவதில் பாதி வேலை இதுதான். பாடப் புத்தகங்கள் பலவும் இதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த ஊர்கள் அடங்கிய கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவரும் இவரே. அன்று தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் குலை எண்ணிக்கொண்டிருக்கிறார், யாரோ ஒருவர் அதைப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். எண்ணியதற்கும் ஏற்றியதற்கும் இடையில் விழுந்த வித்தியாசம் எத்தனையோ குடும்பங்களின் அரிசியைக் குறைத்திருக்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி கையில் சேர வேண்டும். ஆகவே நாம் அனுப்பும் நிரல் ஏழாம் தேதிக்கு முந்தின ராத்திரி திறக்காமல் போனால், அது சின்னக் கோளாறு அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். பைத்தான் நிரலை ஓட்டும்போது, நாம் எழுதிய வரிகள் முதலில் பைட்கோடு என்ற இடைநிலை வடிவத்துக்கு மாறுகின்றன. அந்தப் பைட்கோடைப் படித்து வேலை செய்வது பைத்தான் இயக்கி. பைட்கோடு மட்டும் இருந்தால் போதாது, இயக்கியும் வேண்டும். நிரலைத் தனித்தியங்கும் கோப்பாக ஆக்கும் பெரும்பாலான கருவிகள் எதையும் இயந்திர மொழிக்குப் பெயர்ப்பதில்லை. இயக்கி, பைட்கோடு, நூலகங்கள், படங்கள், எழுத்துருக்கள் என நிரலுக்கு வேண்டிய அத்தனையையும் சேர்த்துக் கட்டி, முன்னால் ஒரு சிறு தொடக்க நிரலை வைத்து அனுப்புகின்றன. தோட்டம் மாறிப் போகும் குடும்பம் சட்டி பானை, கட்டில், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் ஒரே லோரியில் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. போகிற இடத்தில் எதுவும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

இப்படிக் கட்டும் கருவிகளில், விண்டோஸுக்கு மட்டும் என்று தாமஸ் ஹெல்லரின் பைடுஇஎக்ஸ்இ இருந்தது. ஆந்தனி டியூனிங்காவின் சிஎக்ஸ் ஃபிரீஸ் உண்டு. இன்று பரவலாகப் புழங்குவது பைஇன்ஸ்டாலர். கோர்டன் மெக்மிலன் எழுதிய பழைய இன்ஸ்டாலரின் வழிவந்தது, இலவசம், இதைக் கொண்டு கட்டிய நிரலை விற்கவும் அதன் உரிமம் தடை சொல்வதில்லை. தொடங்கும் முன் ஒரு தனி மெய்நிகர்ச் சூழலை உருவாக்கி, நிரலுக்கு உண்மையிலேயே தேவைப்படும் நூலகங்களை மட்டும் அதில் நிறுவுங்கள். குலைக் கணக்குக்குப் பாண்டாஸ் என்ற பெரிய தரவு நூலகம் தேவையில்லை; எக்செல் தாளைப் படிக்க ஓப்பன்பைஎக்ஸ்எல் போதும். பாண்டாஸைச் சேர்த்தால் கோப்பு பல பத்து மெகாபைட் வீங்கும். தஞ்சோங் காராங் பக்கத்து வயலோரத்தில் ஒற்றைக் கோட்டு சிக்னலில் இறக்குகிறவருக்கு அது பெரிய சுமை.

பைஇன்ஸ்டாலரில் இரண்டு வழி உண்டு. ஒன்று, கோப்புறையாகக் கட்டுவது; இன்னொன்று, ஒரே கோப்பாகக் கட்டுவது. ஒரே கோப்புதான் எல்லாருக்கும் பிடிக்கிறது. வாட்சப்பில் அனுப்பலாம், பென்டிரைவில் போடலாம். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தன் சாமான் முழுவதையும் எம்இஐ என்று தொடங்கும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். பழைய கணினியில் பத்து வினாடி சும்மா நிற்கும். கிராணி திறக்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி சொடுக்குவார்.

மெதுவாகத் திறப்பதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்ததைப் பொறுக்க முடியாது. நிரலை மூடியதும் அந்தத் தற்காலிகக் கோப்புறை அழிந்துவிடும். நம்மில் பலர், தரவுக் கோப்பை நிரல் இருக்கும் இடத்திலேயே சேமி என்று எழுதிப் பழகியவர்கள். நம் கணினியில் அது சரியாக நடக்கும். ஒரே கோப்பாகக் கட்டிய பிறகு, நிரல் தான் இருக்கும் இடம் என்று நினைப்பது அந்தத் தற்காலிகக் கோப்புறையை. கிராணி அன்றைய குலை முழுவதையும் ஏற்றுவார், சேமித்தாயிற்று என்று திரையும் சொல்லும், மூடுவார். மறுநாள் திறந்தால் ஒன்றும் இருக்காது. முப்பது பேர் வெயிலில் வெட்டிய குலை, ஒரு தடயமும் இல்லாமல் போயிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் கொடுமை. ஆகவே இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: நிரலோடு அனுப்பும் எழுத்துரு, சின்னம், அச்சு வார்ப்பு ஆகியவற்றைப் படிக்க மட்டும் தற்காலிகக் கோப்புறை, சேமிக்கும் எதையும் பயனரின் டாக்குமென்ட்ஸ் கோப்புறையில், தெளிவான பெயரில் வையுங்கள். தோட்ட ஆபீஸுக்கு நான் கோப்புறை வழியைத்தான் சொல்வேன். சுருக்கிய ஒரு பொட்டலமாக அனுப்பி, ஒரு முறை விரித்து வைத்துவிட்டால் சீக்கிரம் திறக்கும். பழுது பார்ப்பதும் எளிது.

கூலி விகிதத்தை நிரலுக்குள் எழுதிவைக்காதீர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் ஆனது. 2025 பிப்ரவரியில், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700 ஆனது. உள்ளே எழுதிக் கட்டியிருந்தால், எண் மாறும் ஒவ்வொரு முறையும் நீங்கள் புதிதாகக் கட்டி அனுப்ப வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் பழைய விகிதத்திலேயே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். விகிதங்களைப் பக்கத்தில் ஒரு சின்ன உரைக் கோப்பில் வைத்தால், கிராணியே நோட்பேடில் திறந்து மாற்றிக்கொள்வார்.

அடுத்தது பெயர்கள். வேலையாள் பெயரைத் தமிழில் அச்சிட வேண்டும் என்பது என் பிடிவாதம். தன் சம்பளத் தாளைத் தானே படிக்க முடிய வேண்டும். விண்டோஸில் பைத்தான் ஒரு கோப்பைத் திறக்கும்போது, நாம் வேறு சொல்லாவிட்டால், பழைய மேற்கத்தியக் குறியேற்றத்தை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமில்லை. மேக்கிலோ லினக்ஸிலோ எழுதியவருக்கு இது தெரியாமலே போகும். முதல் தமிழ்ப் பெயரைச் சேமிக்கும் நொடியில் நிரல் விழும். கறுப்புத் திரையை மறைத்துக் கட்டியிருந்தால் என்ன பிழை என்றுகூடத் தெரியாது. கோப்பு திறக்கும் ஒவ்வொரு வரியிலும் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். பிழை வந்தால் அதை ஒரு பதிவுக் கோப்பில் எழுதவும் வையுங்கள். கிராணி அதைப் படம் பிடித்து அனுப்பினால் உங்களுக்குப் புரியும்.

பைஇன்ஸ்டாலர் எந்தக் கணினியில் ஓடுகிறதோ அந்த வகைக்குத்தான் கட்டித் தரும். மேக்கில் உட்கார்ந்து விண்டோஸ் கோப்பு செய்ய முடியாது. ஒரு விண்டோஸ் கணினி வேண்டும், அல்லது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தரும் இரவல் விண்டோஸை எடுத்துக்கொள்ளலாம். 64 பிட் பைத்தானால் கட்டியது 32 பிட் விண்டோஸில் திறக்காது. விண்டோஸ் 7 இருக்கும் ஆபீஸ் என்றால் பைத்தான் 3.8தான் கடைசி, 3.9 முதல் அதில் ஓடாது. 3.8க்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. முடிந்தால் கணினியை மாற்றச் சொல்லுங்கள்.

வைரஸ் எச்சரிக்கைக்கும் தயாராக இருங்கள். பைஇன்ஸ்டாலரின் தொடக்க நிரல் எல்லாருக்கும் பொது. தீய நிரல் எழுதுகிறவர்களும் அதையே எடுத்துக்கொள்வதால், வைரஸ் தடுப்பான்கள் நல்ல கோப்பையும் சந்தேகப்படுகின்றன. ஒரே கோப்பாகக் கட்டினால் சந்தேகம் இன்னும் கூடும். தடுப்பானை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அந்த ஆபீஸ் கணினியில்தான் வங்கிக் கணக்கும் கேடபிள்யூஎஸ்பி சேமநிதி, பெர்கேசோ காப்புறுதி விவரங்களும் இருக்கின்றன. தவறாகப் பிடித்ததைத் தடுப்பான் நிறுவனத்துக்கு முறையாகத் தெரிவிக்கலாம், கையொப்பச் சான்றிதழ் வாங்கலாம், தொடக்க நிரலை நாமே மூலத்திலிருந்து தொகுத்துக்கொள்ளலாம். காலம் பிடிக்கும், ஆனாலும் அதுதான் ஒழுங்கான வழி.

கட்டிய கோப்புக்குள் இருப்பதை யாரும் பார்க்க முடியாது என்று நம்பிக் கடவுச்சொல்லை உள்ளே வைப்பவர்கள் உண்டு. பைட்கோடைப் பிரித்தெடுத்துப் படிக்கக் கருவிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. கே ஹேயன் உருவாக்கிய நியூட்கா, பைத்தானை சி மொழிக்கு மாற்றி, அதை உண்மையாகவே இயந்திர மொழிக்குத் தொகுக்கும். பிரிப்பது கடினமாகும், சில வேலைகளில் வேகமும் கூடும். ஆனால் கட்டி முடிக்க நேரம் பிடிக்கும், சி தொகுப்பானும் வேண்டும். நம் குலைக் கணக்குக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இது தோட்ட ஆபீஸுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழிலேயே நிரல் எழுதப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மொழி. அதுவும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வகுப்புக் கணினிகளில் அப்படி ஒரு கருவியைத் திறக்க விரும்பினால், இயக்கியை நிறுவு, நூலகத்தைச் சேர் என்ற முதல் இரண்டு படிகளிலேயே ஒரு பாடவேளை கரைந்துவிடும். திறந்தவுடன் வேலை செய்யும் வடிவில் கொடுத்தால், அந்த நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

கட்டி முடித்ததும் உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அங்கே பைத்தான் ஏற்கெனவே இருப்பதால் விடுபட்டது எதுவும் தெரியாமல் போகலாம். பைத்தானே ஏறாத ஒரு கணினியைத் தேடி, இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறங்கள். தமிழ்ப் பெயர் ஒன்றை ஏற்றுங்கள், மூடுங்கள், மறுபடி திறந்து அது இருக்கிறதா பாருங்கள், அச்சிடுங்கள். பிறகு ஆபீஸுக்குக் கொண்டுபோய், ஒரு முழு மாதம் கைச் செக்ரோலும் நிரலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டும் ஒரு சென் வித்தியாசமில்லாமல் ஒத்து வந்த பிறகே கிராணி பழைய புத்தகத்தை ஓரம் வைக்கலாம். அச்சுத் தாளைச் சட்டம் கேட்கும் சம்பளச் சீட்டு வடிவத்துக்குக் கொண்டுவருவதை அடுத்த வாரம் பார்ப்போம்.