மல்லி மணப்பது மாலையில்தான்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் குவிந்து கிடக்கும் மல்லியில் ஒரு மொட்டை எடுத்து, நகத்தால் பிளந்து முகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் பச்சை வாசனைதான். அதே குவியலிலிருந்து போன ஒரு முழம் சரம் இரவு எட்டு மணிக்கு வீடு முழுக்க மணக்கும். இடையில் யாரும் அதில் எதையும் சேர்க்கவில்லை. செடியை விட்டு வந்த பிறகும் பூ உயிரோடு இருந்து மணத்தைச் செய்துகொண்டே இருக்கிறது.

மணம் உருவாகும் இடம் முக்கியமாக இதழின் மேல்தோல் செல்கள். லினலூல், பென்சைல் அசிடேட், இண்டோல் என்று பல பொருள்கள் கலந்ததுதான் மல்லி வாசம். இதில் இண்டோல் விசித்திரமானது. அடர்த்தியாக இருந்தால் மலநாற்றம், துளியளவு இருந்தால் மல்லிக்கே உரிய கிறக்கம். லினலூல் போன்ற சில பொருள்கள் மொட்டிலேயே சர்க்கரையோடு பிணைந்து, மணமற்றுக் கிடக்கின்றன. இதழ் விரியும் நேரத்தில் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்க, அவை காற்றில் ஏறுகின்றன.

எல்லாப் பூவுக்கும் இதழே மண உறுப்பு என்று சொல்லிவிட முடியாது. பல ஆர்க்கிட்களில் மணத்துக்கென்றே தனித் திசு உண்டு. நம் சேனைக்கிழங்கு பூக்கும்போது நடுவில் எழும் கருஞ்சிவப்புத் தண்டு சூடேறி, அந்தச் சூட்டில் அழுகல் நாற்றத்தைப் பரப்பி வண்டுகளை அழைக்கிறது.

செய்த மணம் செல்லை விட்டு எப்படி வெளியேறுகிறது? தானாகக் கசிகிறது என்றே வெகுகாலம் நம்பினார்கள். 2017-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடாலியா டுடரேவாவின் குழு, பெட்டூனியா பூவில் மணத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. அந்தப் புரதத்தைக் குறைத்ததும் வெளிவரும் மணம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. வெளியேற வழியில்லாமல் தேங்கிய மணப்பொருள் செல்லின் சவ்வையே சிதைத்தது. நாம் ரசிக்கும் வாசம், செய்யும் செல்லுக்கு நஞ்சு! இதழின் மேலுள்ள மெழுகுப் படலமும் இதில் பங்காளி. அதை மெலிதாக்கினால் மணம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2021-இல் சோதித்தபோது குறைந்தது. அந்தப் படலம் மணத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்து, செல்லைக் காக்கிறது.

பறித்த பிறகும் மாலையில் விரிந்து மணக்கும் மல்லியின் குணம் தெரிந்துதான் பூத் தொழில் நடக்கிறது. பறிப்பவர்கள் இருட்டோடு தோட்டத்தில் இறங்குவது, அன்று மாலை விரியப்போகிற முற்றிய மொட்டைப் பிடிப்பதற்காக. சென்ட் ஆலைகளோ மொட்டை வாங்கி, அது மலரும் வரை காத்திருந்து, அதன் பிறகே ஹெக்சேன் என்ற கரைப்பானில் இட்டு மணத்தைப் பிரிக்கின்றன. அப்படிப் பிரித்தெடுக்கும் மெழுகு போன்ற மணப்பொருளுக்கு 'கான்கிரீட்' என்று பெயர்; ஒரு டன் பூவுக்கு அது இரண்டு கிலோ கிடைத்தாலே அதிகம்.

வெளியூருக்கு ஏற்றும்போது ஐஸ் வைப்பது மலர்வதைத் தள்ளிப்போட. ஐஸ் இல்லாமல் சாக்கில் அமுக்கிக் கட்டினால், பூ தன் மூச்சுச் சூட்டிலேயே வெந்து பழுப்பேறிவிடும். வாங்குகிறவர்களும் இதை மனதில் வைக்கலாம்: சரத்தைக் கேரி பேக்கில் இறுக்கி முடியாமல், ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். மொட்டுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.